லெச்சுகீயா குகைக்குள் கால் வைக்கும் முறை

வயல் வரப்பில் பதிந்த கால் தடம் அடுத்த மழையில் கரைந்துவிடும். சுண்ணாம்புக் குகைக்குள் மழை கிடையாது. காற்றடித்து மண் மூடுவதும் புல் முளைத்து மறைப்பதும் கிடையாது. சுண்ணாம்புக்கல்லின் முக்கியக் கனிமமான கால்சைட் படிந்த வெள்ளைத் தரையில் ஒரு சேற்றுக் காலணி பதிந்தால், யாராவது வந்து கழுவும் வரை அது அப்படியே இருக்கும். ஜிப்சம் என்ற மென்மையான கனிமத் தரை என்றால் கழுவவும் வழியில்லை, ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம். "முதலில் ஆராய்வோம், பாதுகாப்பைப் பிறகு யோசிப்போம்" என்ற பேச்சு இந்தக் குகைகளில் எடுபடாததற்குக் காரணம் இதுதான். முதலில் நுழையும் ஆள் எந்தப் பக்கமாக நடக்கிறாரோ, பின்னால் வரும் நூறு பேரும் அந்தப் பக்கமாகத்தான் நடப்பார்கள். குகையின் தலையெழுத்து அந்த ஒரு மணி நேரத்தில் பாதி எழுதப்பட்டுவிடுகிறது.

இதை நன்றாகக் கற்றுக்கொடுத்த குகை, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் கார்ல்ஸ்பாட் குகைகள் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் லெச்சுகீயா. பெயர் அந்தப் பாலைநிலத்தில் முளைக்கும் ஒருவகைக் கற்றாழையின் பெயர். 1914இல் வௌவால் எச்சத்தை உரத்துக்காகத் தோண்ட உரிமை கோரினார்கள் என்பதைத் தவிர, பல பத்தாண்டுகள் இதற்கு ஒரு சரித்திரமும் இல்லை. சுமார் 27 மீட்டர் ஆழக் குழி, அடியில் 120 மீட்டர் அளவுக்கு வறண்ட வழி, அதோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தார்கள். ஆனால் அடியில் கிடந்த கற்குவியலின் இடுக்கிலிருந்து காற்று சீறிக்கொண்டு வந்தது. காற்று வருகிறது என்றால் உள்ளே வெற்றிடம் இருக்கிறது; அதிகமாக வருகிறது என்றால் வெற்றிடம் பெரியது. 1984இல் கொலராடோவைச் சேர்ந்த குகை ஆர்வலர்கள் பூங்கா நிர்வாகத்திடம் அனுமதி வாங்கிக் கற்களை அகற்றத் தொடங்கினார்கள். 1986 மே 26 அன்று வழி திறந்தது. இன்றைக்கு அளந்து முடித்த நீளம் 240 கிலோமீட்டருக்கு மேல், ஆழம் 489 மீட்டர்.

இந்தக் குகைக்குள் படிகங்களும் கல் படிவங்களுமாக அலங்காரம் ஏன் இவ்வளவு என்று தெரிந்தால்தான் எதைத் தொடக்கூடாது என்பது புரியும். சாதாரணமாகச் சுண்ணாம்புக் குகை மேலிருந்து கீழாக உருவாகும். மழைநீர் மண்ணிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு, லேசான அமிலமாகிப் பாறையை அரிக்கும். லெச்சுகீயா கீழிருந்து மேலாக அரிக்கப்பட்டது. பக்கத்து எண்ணெய், எரிவாயுப் படுகைகளிலிருந்து கிளம்பிய ஹைட்ரஜன் சல்பைடு, அதாவது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் அதே வாயு, நிலத்தடி நீரில் ஆக்சிஜனைச் சந்தித்துக் கந்தக அமிலமானது. கந்தக அமிலம் சுண்ணாம்புக்கல்லைத் தின்றால் எஞ்சுவது ஜிப்சம். குகைக்குள் வெள்ளை மலைகளாக ஜிப்சம் கிடப்பதும், அங்கங்கே மஞ்சளாகக் கந்தகம் ஒட்டியிருப்பதும் இதனால்தான். இந்த அரிப்பு நடந்தது 40 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே. அதற்குப் பிறகு நீர்மட்டம் இறங்க, மேலிருந்து கசிந்த நீர் இந்த ஜிப்சத்தைக் கரைத்து வேறு இடத்தில் படிய வைத்தது.

அப்படிப் படிந்ததில் பேர் பெற்றவை சரவிளக்கு மண்டபம் என்று அழைக்கப்படும் இடத்தில் கூரையிலிருந்து கிளை பிரித்துத் தொங்கும் ஜிப்சப் படிகங்கள். சில 6 மீட்டர் நீளம் வரை உண்டு. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் ஜிப்சத்துக்கு 2, விரல் நகமே கீறிவிடும். இவற்றோடு தலைமுடி போன்ற ஜிப்சம் இழைகள், அரகோனைட் என்ற கனிமத்தின் ஊசிப் புதர்கள், குளத்தின் அடியில் முத்துப் போல் உருண்ட கால்சைட், நீருக்குள்ளேயே வளர்ந்த முறுக்குக் கொம்புகள், காகிதத்தைவிட மெல்லிய தோலுள்ள, ஹைட்ரோமேக்னசைட் என்ற மக்னீசியக் கனிமத்தின் குமிழ்கள் எல்லாம் உண்டு. கல்விழுது, கல்முளை, கல்தூண் என்று பாடப்புத்தகத்தில் படித்தவை இங்கே சாதாரணப் பிரஜைகள். ஜிப்சம் இழை முன்னால் ஒருவர் பெருமூச்சு விட்டாலே ஆடும், தோள்பை உரசினால் போய்விடும். குமிழை எந்தக் கோந்தாலும் ஒட்டவைக்க முடியாது.

முதல் காவல் வாசலில். காற்று வீசும் குகையைத் தோண்டித் திறந்தால், இயற்கையாகக் கற்கள் அடைத்து வைத்திருந்த மூடியை எடுத்துவிட்டோம் என்று அர்த்தம். வெளியே வளிமண்டல அழுத்தம் குறையும்போது குகை மூச்சு விடும். அழுத்தம் கூடும்போது பாலைவனத்தின் உலர்ந்த காற்றை இழுக்கும். உள்ளே ஈரப்பதம் கிட்டத்தட்ட 100 சதவீதம், வெப்பம் சுமார் 20 டிகிரி. உலர்ந்த காற்று தொடர்ந்து நுழைந்தால் வாசலுக்குப் பக்கத்துப் படிவங்கள் வளர்வதை நிறுத்தி, மேல்தோல் வெளுத்துப் பொடியும். அதனால் தோண்டிய வழியில் உலோகக் குழாய் இறக்கி, மூடியோடு காற்றுப்பூட்டு போட்டிருக்கிறார்கள். பூட்டு திருடனுக்காக மட்டும் போட்டதில்லை, காற்றுக்கும்தான். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் நின்று கயிற்றைச் சரிசெய்வது, சாமான்களை ஒவ்வொன்றாகக் கைமாற்றுவது எல்லாம் தவறு. எல்லாம் தயாரான பிறகு திறந்து, இறங்கி, உடனே மூட வேண்டும்.

இனி நடை. புதிய அறைக்குள் எட்டிப் பார்த்ததும் குழு ஒட்டுமொத்தமாக உள்ளே ஓடக்கூடாது. வாசலிலேயே நின்று எல்லா விளக்குகளாலும் தரையைப் பார்க்க வேண்டும். எது ஏற்கெனவே மண், எது உடைந்த பாறை, எது வழிந்து உறைந்த வெள்ளைப் படலம், எங்கே ஈரம் பளபளக்கிறது என்று பிரிக்க வேண்டும். பாதையை முடிந்தவரை கடினமான வெறும் பாறை மேலோ, உடைந்த கற்கள் மேலோ போட வேண்டும். ஒருவர் மட்டும் முன்னால் போவார். அவர் கால் வைத்த இடத்திலேயே அடுத்தவரும் கால் வைப்பார். போகப்போகவே இருபுறமும் ரிப்பன் போட வேண்டும், திரும்பி வரும்போது போட்டுக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. லெச்சுகீயாவில் ஆரஞ்சு ரிப்பன் பாதையின் ஓரம், நீல ரிப்பன் சர்வே புள்ளி, சிவப்பும் வெள்ளையும் கலந்தது "இதற்கு மேல் வராதே". ரிப்பனைப் படிவத்தில் சுற்றிக் கட்டக்கூடாது, தரையில் கிடத்திச் சிறு கல்லை வைத்தால் போதும். பாதையின் அகலம் ஒரு ஆள் நடக்கும் அளவு. இரண்டு ஆள் அகலத்துக்கு ரிப்பன் போட்டால் இரண்டு ஆள் அகலத்துக்கு அழுக்காகும், அவ்வளவுதான்.

இங்கே பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. லெச்சுகீயாவின் சுவர்களிலும் தரையிலும் பல இடங்களில் கறுப்பும் ஆரஞ்சுமாகப் பொடி பூசியிருக்கும். இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகள் நிறைந்த இந்தப் பொடியை முதலில் வெறும் அரிப்புக் கசடு என்று நினைத்தார்கள். பிறகு பார்த்தால் அதற்குள் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. காலணியில் ஒட்டிய இந்தப் பொடி அடுத்த அறையின் வெள்ளைத் தரையில் போய் இறங்குவதுதான் அங்கே மிகச் சாதாரணமாக நடக்கும் சேதம். அதனால் விதி மூன்று படி: அடிப்பாகம் கறை விடாத காலணிதான் குகைக்குள் வரலாம் (கறுப்பு ரப்பர் பல பாறைகளில் கோடு இழுக்கும்), அழுக்குத் தரை முடிந்து வெள்ளைத் தரை தொடங்கும் எல்லையில் நின்று காலணியைக் கழற்றித் தனிப் பையில் போட வேண்டும், அந்தப் பகுதிக்கென்றே வைத்திருக்கும் சுத்தமான மெல்லிய காலணியைப் போட்டுக்கொள்ள வேண்டும். முழங்கால் பட்டையை மறந்துவிடுகிறார்கள். தவழ்ந்து வந்தவரின் காலணி சுத்தமாக இருக்கும், முழங்காலில் அரை கிலோ சேறு இருக்கும். அதையும் கழற்ற வேண்டும்.

கை படுவதைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். தோலின் எண்ணெய்ப்பசை கல்லில் ஒட்டினால் அந்த இடத்தில் நீர் சரியாகப் பரவாது, புதுக் கால்சைட் படியாது, அழுக்கு மட்டும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். பிடித்துத்தான் ஆக வேண்டும் என்ற இடத்தில் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை. தோள்பையை முதுகில் மாட்டிக்கொண்டு குறுகிய இடத்தில் திரும்பாதீர்கள். முதுகுக்குக் கண் கிடையாது. பையைக் கழற்றிக் கையில் பிடித்து, முன்னால் இருப்பவரிடம் நீட்டுங்கள்.

சர்வே செய்யாமல் முன்னேறக்கூடாது என்பது லெச்சுகீயாவின் பழைய விதி, நல்ல விதி. அளந்துகொண்டே போனால் வேகம் தானாகக் குறையும். வேகம் குறைந்தால் உடைவதும் குறையும். குழுவில் மூன்று அல்லது நான்கு பேர்: முன்புள்ளி வைப்பவர், கருவி படிப்பவர், வரைபவர், கனிமங்களையும் குளங்களையும் பட்டியலிடுபவர். நாடா, காம்பஸ், சாய்வுமானி என்ற பழைய முறையில் ஒவ்வொரு நீட்டையும், அதாவது ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளி வரையிலான கோட்டையும், முன்னோக்கி ஒருமுறை, பின்னோக்கி ஒருமுறை படிக்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் 2 டிகிரிக்குள் இல்லாவிட்டால் மறுபடியும். ஒரு டிகிரி பிழை 10 மீட்டரில் 17 சென்டிமீட்டர். புள்ளிக்குப் புள்ளி சேர்ந்துகொண்டே போகும். பிழைக்குக் காரணம் பெரும்பாலும் தலையிலேயே இருக்கும்: தலைவிளக்கின் பேட்டரி, இரும்புச் சட்டக் கண்ணாடி. டிஸ்டோஎக்ஸ் என்ற லேசர் அளவுகருவி வந்த பிறகு ஒரே ஆள் நீளம், திசை, சாய்வு மூன்றையும் எடுத்துவிடலாம். ஆனால் அதை 56 அளவீடுகள் எடுத்துச் சீர்செய்ய வேண்டும், பேட்டரி மாற்றினால் மறுபடியும் சரிபார்க்க வேண்டும், ஒவ்வொரு நீட்டுக்கும் மூன்று முறை சுட்டு மூன்றும் ஒத்துப்போனால்தான் ஏற்க வேண்டும். வரைபவர் சர்வே புள்ளியில் நின்றுகொண்டே வரைவது முக்கியம். கூடாரத்துக்குத் திரும்பி நினைவிலிருந்து வரைந்தால், இடதுபக்கம் இருந்த குளம் வலதுபக்கம் போய்விடும். விவரமான படம் இருந்தால் இன்னொரு குழு "அங்கே என்ன இருக்கிறது" என்று பார்க்கவே போக வேண்டியதில்லை. சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்ற பெயரில் செய்கிற பல வேலைகளைவிட ஒரு நல்ல வரைபடம் அதிகம் காப்பாற்றும்.

கயிற்று வேலையில் ஒன்றிரண்டு. வாசலுக்கு உள்ளே கொஞ்ச தூரத்தில் இருக்கும் பாறை அருவி என்ற இறக்கம் மட்டுமே சுமார் 46 மீட்டர். கயிறுகளைப் பல இடங்களில் நிரந்தரமாகவே விட்டுவைப்பார்கள், ஒவ்வொரு முறையும் கட்டி அவிழ்த்தால் விளிம்புகள் தேயும் என்பதால். ஈரத்தில் பல மாதம் கிடக்கும் உலோகம் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. அலுமினியக் கொக்கி வெள்ளைப் பொடியாக அரித்துத் திருகு இறுகிவிடும், சாதாரண இரும்பு துருப்பிடித்துப் பாறையில் பழுப்புக் கோடு வழியவிடும். துருப்பிடிக்காத எஃகு போடுங்கள். ஜிப்சம் மேல் போல்ட் அடிக்காதீர்கள். அது தாங்காது, ஓட்டையும் போகாது.

தண்ணீரைப் பற்றி இன்னும் விரிவாகப் பேச வேண்டும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று வைத்தால் ஏழு நாள் முகாமுக்கு 28 கிலோ. சாப்பாடு, கயிறு, படுக்கையோடு அதையும் தூக்கிக்கொண்டு இறங்க ஆளில்லை. அதனால் குகைக் குளங்களிலிருந்தே குடிக்கிறார்கள். எல்லாக் குளங்களிலிருந்தும் இல்லை, குறித்துவைத்த சிலவற்றிலிருந்து மட்டும். அங்கே பாட்டிலை முக்கக்கூடாது, கை நனைக்கக்கூடாது, குனிந்து பார்க்கும்போது நெற்றி வியர்வை சொட்டக்கூடாது. அந்தக் குளத்துக்கென்றே வைத்த குவளையால் மொண்டு, தூக்கிப் பிடித்துப் பாட்டிலில் ஊற்ற வேண்டும். குவளையின் அடிப்பாகம் தரையைத் தொடாதபடி அதன் தட்டில் திருப்பி வைக்க வேண்டும். குளம் எட்டாத இடத்தில் ட்யூப் போட்டுச் சைஃபன் முறையில் இறக்கிக்கொண்டார்கள். நல்ல யோசனைபோல்தான் தெரிந்தது. ஆனால் நீருக்குள்ளேயே விட்டுவைத்த பிளாஸ்டிக் ட்யூபின் உட்புறத்தில் பாக்டீரியாப் படலம் பிடித்தது. மனிதக் குடலிலிருந்து வரும் கோலிஃபார்ம் பாக்டீரியா வகைகள் குடிநீர்க் குளங்களில் கண்டுபிடிக்கப்பட்டபோது, ட்யூபில் பிடித்த இந்தப் படலம் அவற்றுக்கு இடம் கொடுத்தது தெரியவந்தது. சத்தே இல்லாத தண்ணீரில் நாம் விடும் ஒரு பொருள், நாமே கொண்டுவந்த கிருமிக்குச் சோறும் வீடும் ஆகிவிடுகிறது. ட்யூபைப் பயன்படுத்தினால் வேலை முடிந்ததும் நீரிலிருந்து எடுத்து, வடியவிட்டு வையுங்கள்.

இதே கணக்குத்தான் சாப்பாட்டுக்கும். ஒரு பிஸ்கட் தூள் நமக்கு ஒன்றுமில்லை. பாறையில் கிடைக்கும் இரும்பையும் மாங்கனீசையும் வைத்து வாழும் நுண்ணுயிர்களுக்கு அது வெள்ளம்போல் வந்த சத்து. வெளியிலிருந்து வந்த வேகமான வகைகள் அதில் பெருகி, உள்ளூர் வகைகளை அமுக்கிவிடும். அந்த உள்ளூர்வாசிகள் லேசுப்பட்டவர்கள் இல்லை. லெச்சுகீயாவிலிருந்து எடுத்த பாக்டீரியா வகைகள் பற்றி 2012இல் வெளிவந்த ஆய்வு, மனிதர்களின் மருந்தை ஒருபோதும் பார்த்திராத இவற்றில் பல, மருத்துவமனைகளில் பயன்படும் நுண்ணுயிர்க்கொல்லிகளை எதிர்ப்பதைக் காட்டியது. பேனிபசில்லஸ் வகையைச் சேர்ந்த ஒன்றைப் பற்றி 2016இல் இன்னும் விரிவாக எழுதினார்கள். மருந்து எதிர்ப்பு நம் காலத்துச் சமாச்சாரம் மட்டுமல்ல என்பதற்கு அது சான்று. அதை ரொட்டித்தூளில் மூழ்கடிப்பது எவ்வளவு அபத்தம்! சாப்பிடும்போது மடியில் பிளாஸ்டிக் விரிப்பு அல்லது பெரிய ஜிப்லாக் கவர், அதன் மேல்தான் வாய் இருக்க வேண்டும். திடக்கழிவு முழுவதும் பல அடுக்குப் பைகளில் வெளியே வரும். சிறுநீரையும் பாட்டிலில் சேர்த்து வெளியே கொண்டுவருவதே சரி. பாட்டில் மூடியை ஒன்றுக்கு இரண்டு முறை பாருங்கள், காற்றழுத்தம் மாறும் குகையில் தளர்ந்த மூடி என்ன செய்யும் என்று விவரிக்க வேண்டியதில்லை. தலைமுடியைக் கட்டுங்கள், நூல் உதிரும் பருத்தி வேண்டாம். சில கிலோமீட்டர் தள்ளி அதே பூங்காவில் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்திருக்கும் கார்ல்ஸ்பாட் குகையில், உடையிலிருந்து உதிர்ந்த நூலையும் முடியையும் தன்னார்வலர்கள் இடுக்கியாலும் சிறு தூரிகையாலும் பொறுக்கி எடுக்கிறார்கள். மூட்டை மூட்டையாகச் சேர்கிறது.

விபத்து நடந்தால் இந்த விதிகளெல்லாம் ஒரே நாளில் காற்றில் போகும். 1991இல் ஆழத்தில் ஒருவரின் கால் பாறை விழுந்து உடைந்தது. அவரை வெளியே கொண்டுவர நூற்றுக்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள், கிட்டத்தட்ட நான்கு நாள் ஆனது. தூக்குப்படுக்கை ஒரு ஆள் பாதையில் போகாது. குகையைக் காப்பாற்றும் மிகப் பெரிய வேலை, அந்த வகையில், யாருக்கும் அடிபடாமல் இருப்பதுதான்: அசையும் பாறைக்குக் கீழே நிற்காமல் இருப்பது, ஆளுக்கு மூன்று விளக்கு, களைத்தால் திரும்பிவிடுவது. 20 டிகிரி சுகம்போல் தோன்றும். நூறு சதவீத ஈரப்பதத்தில் வியர்வை உலராது, உடம்பு சூடேறிக்கொண்டே போகும்.

அழுக்கானதைச் சுத்தம் செய்வது தனிக் கலை. முதலில் கல்லைப் பாருங்கள். கால்சைட் என்றால் தண்ணீரும் நைலான் தூரிகையும் ஸ்பாஞ்சும். மேலிருந்து கீழாக வேலை செய்து, அழுக்கு நீர் குளத்தில் இறங்குமுன் கீழே துண்டு போட்டு உறிஞ்ச வேண்டும். வெளியிலிருந்து கொண்டுபோகும் மென்னீரைவிட, அதே குகையின் நீர் நல்லது. அதில் ஏற்கெனவே கால்சியம் நிறைந்திருப்பதால் கல்லைக் கரைக்காது. ஜிப்சம் என்றால் தண்ணீரே ஆகாது. ஒரு லிட்டர் தண்ணீர் இரண்டு கிராமுக்கு மேல் ஜிப்சத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடும், கறையோடு படிகமும் போகும். உலர்ந்த மென்தூரிகை மட்டும், அதுவும் முடிந்தால். அமிலம் எதற்கும் வேண்டாம். கறை போகும், கூடவே மேல்பரப்பின் பளபளப்பும் போகும். இரும்புக் கம்பித் தூரிகை துருத் துகள்களை விட்டுச்செல்லும்.

உடைந்த கல்விழுதை ஒட்டலாம். முறிவுகள் இரண்டையும் பொருத்திப் பார்த்து, இது இங்கிருந்து விழுந்ததுதானா என்று உறுதி செய்ய வேண்டும். முறிந்த முகங்களைச் சுத்தப்படுத்தி, ஈரத்திலும் இறுகும் எபாக்சிப் பசையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கனமான துண்டுக்குத் துளையிட்டு எஃகு ஊசி வைக்க வேண்டும், இறுகும் வரை முட்டுக்கொடுத்து நிறுத்த வேண்டும். அடிக்கடி நடக்கும் பிழை, நடுத்துளையைப் பசையால் அடைத்துவிடுவது. இன்னும் சொட்டிக்கொண்டிருக்கும் விழுதின் நீர் அந்தத் துளை வழியாகத்தான் வருகிறது. அடைத்தால் நீர் வேறு பக்கம் வழி தேடும், ஒட்டியது செத்த விழுதாகவே தொங்கும். பசையை ஓரத்தில் மட்டும் பூசுங்கள்.

வெளியே வந்த பிறகும் வேலை உண்டு. உடை, கயிறு, பை எல்லாவற்றையும் கழுவி, 55 டிகிரி வெந்நீரில் 20 நிமிடமாவது ஊறவைக்க வேண்டும். அமெரிக்காவில் வௌவால்களைக் கொல்லும் வெண்மூக்கு நோயின் பூஞ்சை ஒரு குகையிலிருந்து இன்னொன்றுக்கு நம் சாமான்களில் ஏறிப் போய்விடக்கூடாது என்பதற்காக.

வெளியிலிருந்து வந்த பெரிய ஆபத்து துளைப்பான். எண்ணெய் வளம்தான் இந்தக் குகையை உண்டாக்கியது. அதே வளத்தைத் தேடிப் பக்கத்தில் கிணறு தோண்டினால், குகை வரை நீண்ட வெடிப்பு வழியாக வாயு நுழையலாம். 1993இல் அமெரிக்க நாடாளுமன்றம் லெச்சுகீயா குகைப் பாதுகாப்புச் சட்டம் இயற்றி, பூங்காவின் எல்லைக்கு வெளியே குகையை ஒட்டிய நிலத்தில் புதிய எண்ணெய், எரிவாயு, கனிம உரிமங்களைத் தடுத்தது. குகைக்குள் இன்று போவது அனுமதி பெற்ற ஆய்வுக் குழுக்களும் சர்வே குழுக்களும் பூங்கா நிர்வாகமும் மட்டுமே. "பொதுமக்களின் சொத்தைப் பொதுமக்களே பார்க்க முடியவில்லையே" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பக்கத்தில் படிக்கட்டும் மின்விளக்கும் லிஃப்டும் உள்ள கார்ல்ஸ்பாட் இருக்கிறது என்பது என் பதில்.

வரைபடத்தில் இன்னும் பல இடங்களில் கேள்விக்குறி இருக்கும். போகாத வழிகளை அப்படித்தான் குறிப்பார்கள். அதில் ஒரு நுணுக்கம் உண்டு. நேரமில்லாமல் விட்ட வழிக்கும், புகுந்தால் அரகோனைட் புதரை நொறுக்கித்தான் போக முடியும் என்று வேண்டுமென்றே விட்ட வழிக்கும் ஒரே கேள்விக்குறி போட்டால், அடுத்த குழு வந்து இரண்டிலும் புகுந்துவிடும். இரண்டாவது வகைக்குப் பக்கத்தில் காரணத்தையும் தேதியையும் எழுதுங்கள், இடுக்கின் அகலத்தையும் படிகம் எத்தனை சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதையும் குறியுங்கள், வாயிலில் சிவப்பு வெள்ளை ரிப்பனைக் குறுக்காகக் கிடத்திவிட்டுத் திரும்புங்கள்.